பல்லுப்போன சீப்பும் தூண்டில் முள்ளும்

“…நீ போட்டதாவே இருக்கட்டும் கண்ணு, யாரு இல்லன்னா? இன்னிக்கி நீ போட்ட. நாளைக்கி அவன் வந்து போடுவான். இது யாரு போட்ட குறி, அது யாரு போட்ட குறின்னு பார்த்துகினே நான் எத்தினி நாளைக்கி முழிச்சிகினு குந்தியிருக்கறது?”

அத்தை இதைச் சொன்னப்ப அவங்க கையில திருப்புளி இருந்தது. வாசல்ல மூணு சக்கர மீன்பாடி வண்டி நின்னது. வண்டியில பாத்திர மூட்டை, பாய், ஸ்டவ்வு, அதுங்களுக்கு நடுவுல என் தோஸ்து. வெயில் ஏற ஆரம்பிச்ச நேரம். எனக்குப் பதினோரு வயசு. “இந்தக் குறிய நான்தான் போட்டேன்”னு தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி அப்பதான் கத்தி முடிச்சிருந்தேன். என் குரல் எனக்கே புதுசா இருந்தது.

நான் கத்தின அந்தப் பேச்சு அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தது பன்னெண்டு நாள் லேட்டு. அந்தப் பன்னெண்டு நாளைத்தான் சொல்ல வரேன். நம்ம வயசுக்காரங்களுக்குச் சொன்னா புரியும். வாசல் கதவுல சிவப்பு பெயிண்டு பட்டாலே மூட்டை கட்டற காலத்துல வளர்ந்தவங்க நாம.

ராயபுரம் தாண்டி காசிமேட்டுக்குப் போற வழியில, கன்டெய்னர் லாரிங்க மூக்கு முட்டி நிக்கிற ரோட்டுக்கும் கடலோரக் கருங்கல்லுக்கும் நடுவுல எங்க வரிசை. இருவது வூடு இருக்கும். மேல சிமெண்டு ஷீட்டு, கீழ கடல் மண்ணு. ஒரு பக்கக் காத்துல டீசல் நாத்தம், இன்னொரு பக்கக் காத்துல கருவாடு. புகைக்கூண்டுங்க இருக்கற எண்ணூர்ப் பக்கத்துலேர்ந்து காத்து அடிச்சா துணி காயப்போட மாட்டாங்க, வெள்ளைச் சட்டை சாம்பல் கலராயிடும். எங்கம்மா கொடியில துணியைப் போடறதுக்கு முன்னாடி விரலை எச்சில்ல நனைச்சுக் காத்துல நீட்டிப் பாக்கும். “இன்னிக்கி நம்ம காத்து”ன்னு சொன்னா துணி வெளிய வரும். நம்ம காத்து, அவங்க காத்துன்னு காத்தையே பங்கு பிரிச்சு வச்சிருந்த வரிசை அது.

எங்கப்பா, நைனான்னுதான் கூப்பிடுவேன், போட்டுங்களுக்கு பெயிண்ட் அடிக்கறவரு. மீன்பிடிக்கப் போற போட்டு கரையேறி நிக்கும்போது சொரண்டி, பூசி, நம்பர் எழுதி, பேரு எழுதித் தருவாரு. எழுத்து அச்சுல வார்த்த மாதிரி நிக்கும். ஆனா அவரால கையெழுத்துப் போட மட்டும் வராது, விரல் நடுங்கும். “எனக்கு பெரிசாதான் எழுத வரும்”னு சொல்லிச் சிரிப்பாரு. நகத்துக்குள்ள எப்பவும் ஏதாவது ஒரு கலர் இருக்கும். அந்த வாரம் எந்தப் போட்டுக்கு வேலைன்னு அவர் சோறு பிசையற கையைப் பார்த்தே சொல்லிடலாம்.

வரிசையில மொத வூடு அத்தையோடது. சொந்த அத்தை இல்ல. என் தோஸ்தோட அம்மா, அதனால அத்தை. இறால் கம்பெனியில இறால் உரிக்கற வேலை. கை எப்பவும் வெள்ளையா ஊறிப்போயிருக்கும். மாமா கடலுக்குப் போனவரு, திரும்பலை. அது என் தோஸ்து தவழ்ந்துகிட்டிருந்த காலம். அவர் நினைவா வூட்ல இருந்தது ஒரே ஒரு பொருள், ஒரு பெரிய தூண்டில் முள். ஆணியில மாட்டியிருக்கும். போட்டோ இல்லையான்னு ஒருநாள் கேட்டேன். “இருந்துச்சு. செவுத்தோட போச்சு”ன்னாங்க. அப்ப எனக்கு அதுக்கு அர்த்தம் தெரியல.

அந்த வூட்டுக்குன்னு ஒரு பெருமை உண்டு. அது கதவு. உடைச்ச கப்பல்லேர்ந்து வந்த மரம்னு சொல்லுவாங்க. எங்க வூட்டுக் கதவெல்லாம் தகரம், ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி கிறீச்சிடும். அத்தையோட கதவு சத்தமே போடாது. ரெண்டு ஆளு சேர்ந்துதான் தூக்கணும். “வூடு ரெண்டு தடவ போச்சு. கதவு மட்டும் என்ன வுடாம என் கூடவே வந்துகினு கீது”ன்னு அத்தை அதைத் தட்டிக்கொடுப்பாங்க, மாட்டைத் தட்டற மாதிரி.

இப்ப கேம் கடைக்கு வரேன்.

எங்க வரிசைக்கு முதுகைக் காட்டிகிட்டு, ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு ஒத்தை ரூம் கடை. உள்ள ரெண்டு டிவி, ரெண்டு கேம் பெட்டி, ஒரு ஃபேன். கடைக்கார அண்ணன் பெஞ்சுல ஒரு காலை மடிச்சுப் போட்டு உக்காந்திருப்பாரு. ஸ்கூல் விட்டா பசங்க மொத்தமும் அங்கதான். பொம்பளப் புள்ளைங்க உள்ள போகக் கூடாதுன்னு யாரும் போர்டு எழுதி மாட்டலை. எங்களுக்கே தெரியும். ஒரே ஒரு நாள் வாசல்ல நின்னோம். அண்ணன் நல்ல மனுஷன்தான், “இன்னாமா, யாரத் தேடறீங்க?”ன்னாரு. யாரையாவது தேடினாத்தான் நாங்க அங்க நிக்கலாம்னு அந்தக் கேள்வியிலேயே இருந்தது. திரும்பிட்டோம்.

ஆனா கடைக்குப் பின்னாடி எங்க பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. கம்பி வச்ச சின்ன ஜன்னல். ஒரு ஒடைஞ்ச மீன் பெட்டியைக் கவுத்துப் போட்டு நானும் தோஸ்தும் அது மேல ஏறி நிப்போம். டிவி எதிர்ச் செவுத்துல, தாழ்வான மேஜை மேல. நடுவுல பசங்களோட முதுகும் தலையும். அதனால எங்களுக்குத் தெரிஞ்சது டிவியோட மேல்பட்டை மட்டும். ஒரு சாண் உசரம். அவ்வளவுதான் எங்க பங்கு.

அது சண்டைபோடற கேம். ஆனா சண்டைபோடறவங்களை நாங்க பார்த்ததே இல்ல. மேல ரெண்டு மூலையிலயும் ரெண்டு மஞ்சள் பட்டை இருக்கும், உயிர் எவ்வளவு மிச்சம்னு காட்டறதுக்கு. அடி விழ விழ மஞ்சள் குறைஞ்சு சிவப்பாகும். ஒவ்வொரு பட்டைக்கும் பக்கத்துல ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள ஒரு சின்னம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சின்னம். மொத்தம் ஒம்பது சின்னம்னு நாங்க எண்ணி வச்சிருந்தோம். யாரோ கடிச்சு வச்ச மாதிரி ஒரு நிலா, மூணு சொட்டு, ஒரு இலை, ஒரு ஏணி. பேரெல்லாம் இங்கிலீஷ்ல வேகமா வந்து போயிடும், படிக்க நேரம் இருக்காது. பசங்க உள்ளேர்ந்து கத்தற பேரு எங்களுக்கு ஒண்ணும் விளங்காது. எங்களுக்கு அவங்க நிலா, சொட்டு, இலை, ஏணி. அவ்வளவுதான்.

தோஸ்து மொத நாளே ஒண்ணை எடுத்துகிட்டா. “தோ, அது என்னுது. தூண்டில் முள்ளு. எங்க வூட்ல மாட்டிகீதே, அதே முள்ளு.” எனக்கு ஒரு சீப்பு கிடைச்சுது. நடுவுல பல்லுப்போன சீப்பு. “ஐயே, இத்த எவ எடுப்பா”ன்னேன். “பல்லுப்போனா இன்னா? வாரற தலைய வாரும்”னா. அவ அப்படித்தான், எதையும் தூக்கிப் போட மனசு வராது.

அன்னிலேர்ந்து முள்ளும் சீப்பும் எப்ப மோதும்னு காத்திருப்போம். மோதினா எங்களுக்கு உயிரே போயிடும். முள்ளோட மஞ்சள் குறையும்போது இவ என் கையைக் கிள்ளுவா. சீப்பு தோத்தா நான் பெட்டிலேர்ந்து குதிச்சு வூட்டுக்குப் போயிடுவேன். கொஞ்ச நேரத்துலயே திரும்பி வந்துடுவேன்.

பாக்காத ஆளுங்களுக்கு மூஞ்சி குடுக்கற வேலையும் எங்களோடதுதான். முள்ளுன்னா ஒரு ராணின்னு முடிவு பண்ணியிருந்தோம். ஒல்லியா, கறுப்பா, முழங்கால் வரைக்கும் முடி. அலை மேல நடந்து வருவா. சீப்பு அவளோட தங்கச்சி. ரெண்டு பேரும் தெரியாம எதிரெதிர் கட்சியில மாட்டிகிட்டாங்க, அதான் அடிச்சுக்கறாங்க, கடைசியில தெரிஞ்சிடும். கதைன்னா கடைசியில தெரிஞ்சிடணும். அது தோஸ்தோட சட்டம்.

பிறகு அந்தச் சின்னங்க ஜன்னலை விட்டு இறங்கி எங்க கூடவே வந்துடுச்சு. என் ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியில காம்பஸ் முனையால சீப்பு கீறிக் குடுத்தா. அவளோட ரப்பர் செருப்புல நான் பால்பாயிண்டால முள் வரைஞ்சேன். அப்பால ஒரு வழக்கம் வந்தது. அவ வூட்ல இல்லாதப்ப நான் போனா, வாசக் கல்லுல செங்கல் துண்டால என் சீப்பை வரைஞ்சுட்டு வரணும். நான் வந்துட்டுப் போனேன்னு அர்த்தம். அவளோட முள்ளை வரைஞ்சா வேற அர்த்தம். நீ வா. உடனே வா. அந்த மாதிரியே அவ எங்க வாசல்ல வரைவா. எங்கம்மா தண்ணி தெளிச்சு அதை அழிச்சுகிட்டே, “வூட்டு வாசலா, ஸ்கூல் கரும்பலகையா?”ன்னு கத்தும்.

அந்தக் கோடையில அவளுக்கு அம்மை போட்டுடுச்சு.

அத்தை வேலைக்குப் போறதை நிறுத்திட்டாங்க. கப்பல் மரக் கதவுல நல்லா அடர்த்தியா வேப்பிலைக் கொத்து கட்டித் தொங்கவிட்டாங்க. அது தொங்கினா யாரும் அந்தப் பக்கம் போக மாட்டாங்க. “அம்மை எறங்கி நாலு தண்ணி ஊத்தற வரைக்கும் அந்த வாசல மெறிச்ச, கால ஒடைச்சிடுவேன்”னு அம்மா சொல்லிடுச்சு.

நம்மள்ள பல பேருக்கு அம்மை வந்திருக்கும். அம்மை வந்தவளோட தோஸ்துக்கு என்ன வரும்னு யாரும் கேட்டதில்ல. நான் தனியா மீன் பெட்டி மேல ஏறி நிப்பேன். பக்கத்துல இடம் காலியா இருக்கும், ஆனா நான் நடுவுல நிக்க மாட்டேன், என் பாதியில மட்டும் நிப்பேன். முள்ளும் சீப்பும் மோதும். சீப்பு ஜெயிக்கும். கிள்ள ஆள் இருக்காது. ஜெயிச்சதைச் சொல்ல ஆள் இல்லன்னா ஜெயிச்ச மாதிரியே இருக்காதுங்க. தோத்த மாதிரியும் இருக்காது. கேபிள் கட்டான டிவி மாதிரி இருக்கும், வெறும் சத்தம்.

செங்கல்லை எடுத்துகிட்டு அவ வாசக் கல்லுல முள் வரைஞ்சேன். தூர நின்னு, கையை நீட்டி. அத்தை காலையில மஞ்சத்தண்ணி தெளிச்சாங்க, போயிடுச்சு. அடுத்த நாளும் வரைஞ்சேன். அதுவும் போயிடுச்சு. அவ கண்ணுல படவே இல்ல. அதனாலதான் அந்த யோசனை வந்தது, வேற காரணம் எதுவும் இல்ல. தண்ணிக்கு அழியாத ஒண்ணு எங்க வூட்லயே இருந்தது. உப்புத் தண்ணியில ஒரு வருஷம் கெடந்தாலும் போகாத போட்டு பெயிண்டு. அந்த வாரம் நைனாவோட நகம் சிவப்பா இருந்தது.

மத்தியானம் வரிசையே தூங்கற நேரம் பார்த்து, டப்பாவையும் மெல்லிசு பிரஷ்ஷையும் எடுத்துகிட்டுப் போனேன். வேப்பிலைக் கொத்தைத் தூக்கிப் பிடிச்சுகிட்டு, அதுக்கு அடியில, கதவு மரத்து மேலயே ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள முள். உள்ள அத்தை வேப்பிலையால விசிறிகிட்டு ஏதோ முணுமுணுன்னு பாடற சத்தம் கேட்டது. தோஸ்து “தண்ணி”ன்னா. ஒரு கதவு தூரத்துல இருந்தா. கொத்தை விட்டதும் அது திரும்பி வந்து குறியை மூடிகிச்சு. அவ எழுந்து வர்ற அன்னிக்கு, கொத்தைக் கழட்டினதும், மொதல்ல அதைத்தான் பாப்பா. உடனே வான்னு எழுதியிருக்கும். அவ்வளவுதான் என் கணக்கு.

கொத்தைக் கழட்டினது அத்தை. கடைசித் தண்ணி ஊத்தின காலையில. கழட்டிட்டு, அப்படியே வாசல்ல குந்திட்டாங்க.

அந்த வருஷம் ரோட்டை அகலம் பண்ணப்போறாங்கன்னு ஒரு பேச்சு ஓடிகிட்டிருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். யார்கிட்டயும் விவரம் இல்ல, ஆனா எல்லார் வாயிலயும் இருந்தது. இடிக்கறதுக்கு முன்னாடி கவர்மெண்ட் ஆளுங்க வந்து வூட்டுக்கு வூடு சிவப்புல வட்டம் போட்டு உள்ள ஏதாவது எழுதிட்டுப் போவாங்க. அந்த எழுத்து நமக்குப் படிக்க வராது, படிக்கவும் வேணாம். சிவப்பு, வட்டம், கதவு. போதும்.

“நான் உள்ள புள்ளைக்கி விசிறிகினு கீறேன், அவன் வெளிய வந்து குறி போட்டுட்டு போயிகீறான். ஒரு சத்தம் இல்ல”ன்னு அத்தை சொல்லிகிட்டே இருந்தாங்க.

வரிசையே கூடிடுச்சு. ஒருத்தர், “மொத வூட்லேர்ந்துதான் ஆரம்பிப்பானுங்க”ன்னாரு. இன்னொருத்தர், “ஆள் இல்லாத மாதிரி கீற வூடா பார்த்து டெஸ்ட் வுட்டுகீறான்”ன்னாரு. நாலு ஆம்பளைங்க சட்டையை மாட்டிகிட்டு எங்கயோ ஒரு ஆபீசுக்குப் போய்க் கேட்டுட்டு வந்தாங்க. “இன்னும் ஒண்ணும் முடிவாவல”ன்னு அங்க சொன்னாங்களாம். அதுக்கப்புறம் சந்தேகமே இல்லாம போச்சு. முடிவாகலைன்னு சொல்லிட்டுத்தான் எல்லாத்தையும் முடிப்பாங்கன்னு வரிசைக்குத் தெரியும். “எவன் கை இத்த போட்டுச்சோ, அந்தக் கைய ஒடைச்சி அடுப்புல வெக்கணும்”னு எங்கம்மாவே சொன்னது. நான் அம்மாவோட முந்தானையைப் பிடிச்சுகிட்டுத்தான் நின்னுகிட்டிருந்தேன்.

நைனா கூட்டத்துக்குப் பின்னாடி நின்னாரு. குறியையே பார்த்துகிட்டிருந்தாரு. பெயிண்ட் அடிக்கறவருக்கு ஒரு கோடு போதும். அன்னிக்கு சாயங்காலம் பார்த்தேன், சிவப்பு டப்பாவைக் காணோம். மெல்லிசு பிரஷ் மண்ணெண்ணெயில ஊறி, பளபளன்னு சுத்தமா இருந்தது. அவர் எப்பவும் போல தட்டு முன்னாடி உக்காந்தாரு. சோறு பிசைஞ்சாரு, என் தட்டுல மீன் துண்டு ஒண்ணு கூட வச்சாரு. பேசாதேன்னு அவர் சொன்னதா நான் எடுத்துகிட்டேன். இப்ப எனக்கும் அந்த வயசாச்சு. அவரும் என்னை மாதிரியே பயந்துகிட்டு, பெரியவங்க யாராவது வந்து சரி பண்ணுவாங்கன்னு காத்திருந்திருப்பாரோன்னு தோணுது.

தோஸ்துக்கு மட்டும் பாத்த உடனே தெரிஞ்சுடுச்சு. ரெண்டாம் நாள் ஜன்னலுக்கு வந்தா. மூஞ்சியெல்லாம் புள்ளி, இளைச்சு, கண்ணு மட்டும் பெரிசா. பெட்டி மேல ஏறி அவ பாதியில நின்னா.

“வான்னு போட்ட, வந்துட்டேன்”னா.

“சொல்லிட்டியா?”ன்னேன்.

“நான் சொல்லல. நீயும் சொல்லாத. அடி பின்னிடுவாங்க. நாலு நாள்ல மறந்துடுவாங்க.”

உண்மையைச் சொல்லணும்னா அந்த நாலு நாள் எங்களுக்குச் சந்தோஷம். ஊரே எங்க முள்ளைப் பத்திப் பேசுது. பெரிய பெரிய ஆம்பளைங்க அது முன்னாடி நின்னு தாடியைச் சொறியறாங்க. வாயைப் பொத்திகிட்டுச் சிரிப்போம்.

ஆனா அத்தை மறக்கற ஆளு இல்ல. எங்கம்மாகிட்ட சொல்லிகிட்டிருந்ததை நான் கேட்டேன். “மொத தடவ இப்பிடித்தான் அண்ணி. குறி போட்டான். ‘போன வருஷமும் போட்டான், ஒண்ணும் ஆவல’ன்னு எல்லாரும் படுத்துட்டோம். விடிஞ்சா இடிக்கற மிஷினு நிக்குது. புள்ளைய தூக்கறதா, கதவ கழட்டறதா? அவரு போட்டோ செவுத்துலயே தங்கிப் போச்சு. இவளுக்கு அப்பன் மூஞ்சி தெரியாது அண்ணி. ரெண்டாவது தடவ குறி போட்ட அன்னிக்கே கிளம்பிட்டேன். ஒரு ஸ்பூனு கூட போவல. இந்தத் தடவயும் போவாது.”

அப்பதான் எனக்குச் செவுத்தோட போனதுன்னா என்னன்னு புரிஞ்சது. அப்பவும் நான் வாயைத் திறக்கலை. அதைத்தான் இன்னிக்கு வரைக்கும் எனக்கு நானே சொல்லிகிட்டிருக்கேன். அந்த நிமிஷம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தை அப்ப இன்னும் வூட்டை விடலை.

மீஞ்சூர்ல அத்தையோட தம்பி இருந்தாரு. ஆள் அனுப்பி, பதில் வந்து, இடம் பார்த்து, வூட்டை வேற ஒருத்தருக்குப் பேசி விட்டு, எல்லாம் ஒரு வாரத்துல முடிஞ்சுது. தோஸ்து என்கிட்ட சொன்னது கிளம்பறதுக்கு மொத நாள் சாயங்காலம். அன்னிக்குக் கடை மூடியிருந்தது. இருட்டான ஜன்னலையே ரெண்டு பேரும் பார்த்துகிட்டு நின்னோம்.

“அங்க கேம் கட இருக்குமா?”ன்னு கேட்டேன்.

“ஜன்னல் இருந்தா பாக்கறேன்”னா.

இப்ப ஒரு விஷயம் சொல்லிட்டு அந்தக் காலைக்குப் போறேன். போன வருஷம் என் பையன்கிட்ட இந்தக் கேமைப் பத்திச் சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். அவன் கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷத்துல தேடி எடுத்துட்டான். முழு டிவியும் தெரிஞ்சுது, கால்லேர்ந்து தலை வரைக்கும். மேல அதே வட்டம், அதே முள். கீழ பார்த்தா, ராணி இல்ல. தொப்பை போட்ட ஒரு கிழவர், கையில குடை. எங்க தூண்டில் முள் அவரோட குடைக் கைப்பிடி. சீப்பு? அது ஒரு கோட்டை மதில், நடுவுல இடிஞ்சது. அதோட ஆளு இரும்புச் சட்டை போட்ட ஒரு தடியன். சிரிச்சேன் பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். பையனும் கூடச் சிரிச்சான், ஆனா எதுக்குன்னு அவனுக்குத் தெரியல. அந்தச் சிரிப்பைப் புரிஞ்சுக்க உலகத்துலயே ஒருத்திதான் இருந்தா. அவ போன் நம்பர் என்கிட்ட இல்ல. ஒரு தடவ மீஞ்சூர் ஸ்டேஷன்ல இறங்கி, பிளாட்பாரத்துல அடுத்த ரயில் வர்ற வரைக்கும் நின்னுட்டு, திரும்பி வந்திருக்கேன். வெறும் பேரை வச்சுகிட்டு அவ்ளோ பெரிய ஊர்ல யாருன்னு கேட்டுப் போறது? முள்ளுன்னா?

எங்க வரிசை இடியலை. இன்னிக்கும் அங்கதான் இருக்கு. அத்தையோட வூட்ல இப்ப வேற யாரோ இருக்காங்க. கதவு தகரம்.

சரி, அந்தக் காலை. நான் கண்ணு முழிச்சப்பவே வண்டி வந்துடுச்சு. மோட்டார் வச்ச மீன்பாடி வண்டி. அந்த வண்டிக்கார மாமாவை உங்கள்ல சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் வண்டி தள்ளாம கிளம்பாது. “என் வண்டிக்கி நாலு சக்கரம்மா. மூணு கீழ கீது, நாலாவது பின்னால தள்றவன்”னு சொல்லுவாரு. சாமானெல்லாம் ஏத்தியாச்சு. தோஸ்து மூட்டை மேல உக்காந்து காலைப் பார்த்துகிட்டிருந்தா. அத்தை திருப்புளியோட கதவு கிட்ட நின்னு கீல் ஆணியைக் கழட்டிகிட்டிருந்தாங்க. மேல் கீல் விட்டுடுச்சு. கதவு சரிஞ்சு, சிவப்பு வட்டம் சாஞ்சு நின்னுது.

அதைப் பார்த்ததும் என் வாய் தானா திறந்துகிச்சு.

“இந்தக் குறிய நான்தான் போட்டேன்! ஆபீஸ்காரன் போடல. நைனா பெயிண்டு. அவளுக்கு அம்மை போட்டுச்சுல்ல, அதான். அவ வரணும்னு போட்டேன். போவாத அத்த!”

அம்மா என் முதுகுல ஒண்ணு வச்சுது. “இன்னாடி சொல்ற?” நைனா முன்னாடி வந்தாரு. சிரிக்கற மாதிரி மூஞ்சியை வச்சுகிட்டு, “சின்னப் புள்ள. தோஸ்து போறாளேன்னு எதுனா ஒளறிகினு கீது, நீ வேலையப் பாரும்மா”ன்னாரு. அவர் பொய் சொல்லி அதுவரைக்கும் நான் பார்த்ததில்ல. கையெழுத்துப் போடும்போது நடுங்கற மாதிரி அவர் விரல் நடுங்குச்சு.

அத்தை அவர் மூஞ்சியைப் பாக்கலை. அந்த விரலைத்தான் பார்த்தாங்க. “ஒளறல அண்ணே. இவளும் நேத்து பூரா இத்தயேதான் சொன்னா”ன்னு வண்டியில இருந்த தோஸ்தைக் காட்டினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க. கோவம் இல்ல. இறால் உரிச்சு ஊறிப்போன அந்தக் கையால என் கன்னத்தைத் தொட்டு, நான் மொதல்ல சொன்னேனே, அந்த வார்த்தையைச் சொன்னாங்க. எந்தக் குறி யாரு போட்டதுன்னு பார்த்துகிட்டே எத்தினி நாளைக்கின்னு.

சொல்லிட்டுத் திருப்புளியை இடுப்புல செருகினாங்க. அடிக் கீலும் விட்டுடுச்சு. வண்டிக்கார மாமா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், கதவைத் தூக்கி மூட்டைங்க மேல படுக்க வச்சாங்க. குறி அடியில போற மாதிரி, குப்புற. கயித்தைப் போட்டு இறுக்கியாச்சு. அத்தை ரெண்டடி நடந்தாங்க. நின்னாங்க.

“கயித்த அவுத்துடு”ன்னாங்க.

“இன்னாத்துக்கும்மே?”ன்னாரு வண்டிக்கார மாமா.

“திருப்பிப் போடு.”

“குறி மேல வந்தா மீஞ்சூர் வரிக்கும் ஊரே பாக்குமே!”

“பாக்கட்டும்.”

கயித்தை அவுத்து, ரெண்டு பேரும் மூச்சு வாங்க அந்தக் கப்பல் மரத்தைத் திருப்பிப் போட்டாங்க. சிவப்பு வட்டம் வானத்தைப் பார்த்தது. அதுல ஒட்டியிருந்த மண்ணை அத்தை முந்தானையால தொடைச்சாங்க, மகளைத் தூக்கி அந்த முள்ளு மேலயே உக்கார வச்சாங்க. பின்னாடி வந்து வண்டிப் பலகையில ஒரு கையை வச்சாங்க. இன்னொரு கையால என் கையைப் பிடிச்சு இழுத்து, அவங்க கைக்குப் பக்கத்துலயே பலகையில வச்சு அமுக்கிகிட்டு, தள்ளினாங்க.